துணைக்கயிறு

உட்கார்ந்தால் எனக்குக் கால் குடைச்சல் எடுக்கும், சார். நின்றுகொண்டே சொல்கிறேன். மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், என் பழக்கம் அப்படி. வீட்டில் சாப்பிடும்போதுகூட குழம்புச் சோற்றுக்கும் மோர்ச் சோற்றுக்கும் நடுவே எழுந்து வாசல்வரை ஒரு நடை போய்வருவேன். "கால்ல சக்கரம் கட்டியா பெத்தாங்க உங்கம்மா" என்று என் மனைவி கிருஷ்ணவேணி கேட்பாள். இந்த அறை கொஞ்சம் சின்னது. நான் இப்படியும் அப்படியுமாக நடந்தால் எழுதுகிற ஏட்டய்யாவுக்குத் தொந்தரவாக இருக்குமோ? இருந்தால் சொல்லச் சொல்லுங்கள்.

என் பெயர் கோதண்டபாணி. ஊரில் பாணி என்பார்கள். மயிலம் பக்கத்தில் ஏரியை ஒட்டி எங்களுக்குச் சொந்த நிலம் இருக்கிறது. நெல் போடுவோம், மேட்டில் மல்லாட்டைக் கடலை போடுவோம். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. யாரோடும் வரப்புத் தகராறுகூட வந்ததில்லை. நீங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

எங்கள் ஏரிப் பந்தயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திண்டிவனத்திலிருந்து வருஷா வருஷம் போலீஸ்காரர்கள் பந்தோபஸ்துக்கு வருகிறார்களே, அதுதான். காணும் பொங்கலன்று காலையில் ஏரியைத் தென்கரையிலிருந்து மதகுவரை நீந்திக் கடக்க வேண்டும். கரையேறினால் சைக்கிள். கூட்டேரிப்பட்டு வந்து பெரிய ரோட்டைப் பிடித்து விழுப்புரம்வரை மிதிக்க வேண்டும். அங்கே சைக்கிளைப் போட்டுவிட்டு திருவாமாத்தூர் கோயில்வரை ஓட்டம். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த விருத்தாசலம் அய்யா ஆரம்பித்தது. மூன்றையும் முடிக்கிறவன்தான் ஆம்பிளை என்பார் அவர்.

திருவாமாத்தூரில் கொண்டுபோய் முடித்ததற்குக் காரணம் உண்டு. அங்கே வட்டப்பாறை இருக்கிறது. அதன்மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் நன்றாக இருந்ததில்லை. பாகப்பிரிவினைத் தகராறு, கொடுக்கல் வாங்கல் தகராறு எல்லாம் கோர்ட்டுக்குப் போகாமல் அந்தக் கல்லில் தீர்ந்திருக்கிறது. பந்தயத்தில் சில பேர் நடுவழியில் லாரியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ஓடி முடிக்கிற ஒவ்வொருவனும் கல்லில் கை வைத்து, நீந்தித்தான் வந்தேன், மிதித்துத்தான் வந்தேன், ஓடித்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மாலை.

எனக்கு மூன்று தடவை முதல் மாலை விழுந்தது. எண்பத்தைந்தாம் வருஷம் நாலாவது தடவையும் எனக்குத்தான் என்று ஊரே சொன்னது. விழுப்புரத்தில் சைக்கிளை முதலில் போட்டதும் நான்தான். திருவாமாத்தூருக்குப் பாதி வழியில் நெஞ்சில் யாரோ உரலைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. இடது கை மரத்துப் போனது. அப்புறம் ரோட்டோரப் புழுதி வாயில் கரித்தது ஞாபகம் இருக்கிறது.

எனக்குப் பின்னால் ஓடி வந்தவன் சவுரிராயன். அவனும் எங்கள் ஊர்தான், காலனிப் பக்கம். அவன் அப்பா எங்கள் வீட்டுப் பண்ணையில் இருந்தவர். நானும் சவுரியும் ஒரே கிணற்றில்தான் நீச்சல் பழகினோம். நான் படியிலிருந்து குதித்துப் பழகினேன். அவன், அவன் அப்பாவோடு தூர் வார இறங்கும்போது பழகினான். எங்கள் வீட்டில் வித்தியாசம் எல்லாம் பார்க்க மாட்டோம், சார். தனி டம்ளர் வைத்ததே கிடையாது. அவனுக்கு எப்போதும் இலையில்தான் போடுவோம்.

அன்றைக்கு அவன் நேராக ஓடிப் போயிருந்தால் மாலை அவனுக்கு. போகவில்லை. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பக்கமாகத் திரும்பி ஓடினான். வழியெல்லாம் ஜனம். பந்தயம் பார்க்க வந்தவர்கள், கடைக்காரர்கள், என் மாமனார் வீட்டு உறவு முறைகள். எல்லோரும் பார்க்க நான் அவன் தோளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போனேன். கரும்பு லாரி ஒன்றை மறித்து என்னை ஏற்றி, பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிவரை வந்தான். டாக்டர் அவனிடம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றாராம். இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. கிருஷ்ணவேணிதான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

மாரடைப்பு. முப்பத்து மூன்று வயதில் வருமா என்று கேட்டேன். வந்திருக்கிறதே என்றார் டாக்டர். ஒரு வருஷம் சைக்கிள் மிதிக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மூச்சடக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே கோபப்படக் கூடாது என்றார். அன்றிலிருந்து நான் எதற்கும் கோபப்பட்டதில்லை, சார். கோபம் வந்தால் உடனே நல்லதை நினைத்துக்கொள்வேன். நீங்களே பார்க்கிறீர்கள், நான் குரலை உயர்த்தினேனா?

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதுவரை சவுரி என்னை சின்னய்யா என்றுதான் கூப்பிடுவான். அவன் அப்பா என் அப்பாவைப் பெரியய்யா என்பார். ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக என் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தான். எனக்கு முகம் துடைத்து, அரிசிக் கஞ்சியை ஊதி ஊதிப் புகட்டினான். அப்போது ஒருநாள், "பாணி, இன்னும் ஒரு வாய் குடி" என்றான். அவனுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. நான் குடித்தேன். அதற்கப்புறம் பாணிதான், வா போதான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பிய பிறகும், காலனி ஆட்கள் முன்னாலும், எங்கள் பங்காளிகள் முன்னாலும் அவன் அப்படியே கூப்பிட்டான். அப்போதும் நான் நல்லதை நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சும்மா படுத்துக் கிடப்பது என்ன பாடு என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. உடம்பு கட்டிலில் கிடக்கும், கால் இரண்டும் தானாக மிதித்துக்கொண்டிருக்கும். பாய் நைந்து போனது. கிருஷ்ணவேணி என் சைக்கிள் செயினைக் கழற்றிக் கேப்பைப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். அது எனக்குத் தெரியும். ஒருநாள் அவள் தண்ணிக்குப் போயிருந்தபோது பானைக்குள் கை விட்டு அந்தச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எதுவும் செய்ய விடவில்லை. மல்லாட்டை மூட்டையை நகர்த்தப் போனால் நாலு பேர் ஓடி வருவார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். எனக்கு முன்னால் நின்று பேசவே பயந்தவர்கள், என் முதுகைத் தடவி "பாத்துப் போங்க" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். வரும் என்றேனே தவிர, கோபப்பட்டேன் என்று சொல்லவில்லை.

எண்பத்தாறு பந்தயத்தில் சவுரிக்கு முதல் மாலை. அப்போது அவன் விழுப்புரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலையில் சேர்ந்திருந்தான். மாலையை நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து என் கழுத்தில் போட்டான். "இது உன்னுதுதான் பாணி, நான் வெச்சினு இருந்தேன், அவ்ளோதான்" என்றான். எல்லோரும் கண் கலங்கினார்கள். நானும் கலங்கினேன். அவன் போன பிறகு அதை மாட்டுக்குப் போட்டேன். பூ வாடிவிட்டால் வேறென்ன செய்வது.

அந்தக் கோடையில் டாக்டர் நடக்கலாம் என்றார். அந்த வருஷம் ஏரி வற்றிக் கிடந்தது. காலையில் நான் ஏரிக்குள்தான் நடப்பேன். அங்கே யாரும் வந்து முதுகைத் தடவ மாட்டார்கள். ஏரிக்குள்ளே அரசாங்கத்தார் வைத்த கருவேல மரங்களை வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. கோரைப் புல்லுக்கு அந்தண்டை பள்ளத்தில் ஒரு கட்டை, கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து என் மார் உயரம் இருந்தது. முள் கிளை மிச்சமும் இருந்தது. அதன்மேல் சாய்ந்து நின்று இளைப்பாறிவிட்டு வருவேன். அப்போது என் மனசில் ஒன்றுமில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐப்பசியில் டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நீந்தலாம், மிதிக்கலாம், பந்தயம் கிந்தயம் என்று கிளம்பாதே என்றார். முதல் பாதியைத்தான் நான் வீட்டில் சொன்னேன். கிருஷ்ணவேணி செயினைத் தர மாட்டேன் என்று பானை மேலேயே உட்கார்ந்துகொண்டாள். சவுரிதான் வந்து சமாதானம் பண்ணினான். "ஏங்க, இந்த மனுசன ஊட்லயே கட்டி வெச்சா அதுலயே செத்துப்புடுவாரு. நான் கூடவே வர்றேன். என்னத் தாண்டித்தான் அவருக்கு எதுனா ஆவணும்" என்றான். அவள் அழுதுகொண்டே செயினை எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை, அவன் கையில் கொடுத்தாள். அவன்தான் மாட்டி, எண்ணெய் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக் காட்டினான்.

பந்தயக் கமிட்டியில் விருத்தாசலம் அய்யா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு விதியைக் காட்டினார். உடம்புக்கு வந்து எழுந்தவர்கள் நீந்த வேண்டுமானால் துணைக்கயிற்றோடுதான் இறங்க வேண்டும். முன்பு வலிப்பு வந்த ஒருவருக்காக ஏற்பட்ட விதி. இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு கத்தாழைக் கயிறு. ஒரு முனை சீக்காளி இடுப்பில், ஒரு முனை துணை இடுப்பில். இருவரும் கடைசியாகத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். துணையாக வருகிறவனுக்கு அந்த வருஷம் மாலை கிடையாது, கரையேற்றிவிட்டால் அவன் வேலை முடிந்தது. "எவன்டா மாலைய வுட்டுட்டு வருவான்?" என்று விருத்தாசலம் அய்யா கேட்டார். சவுரி எழுந்து நின்றான்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். போன வருஷம் மாலை வாங்கினவன் விலகிக்கொண்டு எனக்குக் கயிறு பிடிக்கிறான். நான் முதலில் வந்தால் ஊர் என்ன சொல்லும்? சவுரி விட்டுக் கொடுத்தான் என்று சொல்லும். தோற்றால், சவுரி கூட இருந்துமே முடியவில்லை என்று சொல்லும். எப்படிப் பார்த்தாலும் என் பேருக்கு முன்னால் அவன் பேர். நான் திரும்பி வருவதென்றால் நான்தானே வர வேண்டும்? அவன் தோளிலிருந்து இறங்காமலே எப்படித் திரும்பி வந்ததாகும்?

மார்கழி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறு கட்டிக்கொண்டு பழகினோம். வழக்கப்படி அவன் முடிச்சை நான் போட வேண்டும், என் முடிச்சை அவன் போட வேண்டும். என் இடுப்பில் அவன் போட்டது ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. "எனுக்கு எதுனா ஆச்சின்னா நீ மாட்டிக்காத. இத்த இழு, கழண்டுக்கும். ஜல்தியா கர ஏறிடு" என்றான். அவன் இடுப்பில் நான் போட்டது, காளையைக் கட்டுகிற முடிச்சு. கத்தாழைக் கயிறு ஊறினால் இறுகும். அறுத்தால்தான் உண்டு. துணையின் முடிச்சு அவிழக் கூடாது என்பதுதானே விதி. விருத்தாசலம் அய்யாவே இழுத்துப் பார்த்து, "சரியான கட்டு" என்றார்.

கடைசி ஞாயிறன்று ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். என் கை சோர்ந்து வேகம் குறைந்தபோது தண்ணீர் மட்டும் அதே வேகத்தில் என்னைக் கடந்துகொண்டிருந்தது. இடுப்பில் கயிறு மெதுவாக இறுகியிருந்தது. அவன் அரை ஆள் முன்னால் போய், எனக்குத் தெரியாமல் என்னை இழுத்துக்கொண்டு போனான், சார். கரையில் துரைக்கண்ணு, மதகில் நிற்கிற கமிட்டி ஆள், சிரித்துக்கொண்டே, "இன்னா சவுரி, தோணிய கட்டி இஸ்த்துக்கினு வர்றியா" என்று கத்தினான். சவுரியும் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்தால் நெஞ்சுக்கு நல்லது.

இனி நேற்றைய விஷயம். நீங்கள் கேட்டதும் அதைத்தான்.

எல்லோரும் இறங்கி முன்னால் போன பிறகு நாங்கள் இறங்கினோம். காவலுக்கு விட்டிருந்த தெப்பமும் முன் கூட்டத்தோடு போய்விட்டது. கொடி நட்ட வழி வளைந்து போகும். கோரைக்கு அந்தண்டை போனால் தூரம் குறைவு. "அந்தாண்ட போலாம், ஆளுங்கள புடிச்சிடலாம்" என்றேன். "அங்க ஆழம் ஆச்சே" என்றான். "எனுக்குத் தெரியும், வா" என்றேன். வந்தான். கோடையில் அவன் விழுப்புரத்தில் பட்டறையில் இருந்தான். ஏரி வற்றிக் கிடந்ததை அவன் பார்க்கவில்லை. நடுவில் கயிறு ஏதோ கட்டையில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிட அவன் முங்கினான். மேலே வரவில்லை. நான் அவன் சொல்லிக் கொடுத்தபடியே என் முடிச்சை இழுத்து அவிழ்த்துக்கொண்டு கரையேறினேன்.

மதகில் துரைக்கண்ணு, "சவுரி எங்க?" என்று கேட்டான். "பின்னால வர்றான்" என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் பந்தயத்தை நிறுத்தியிருப்பார்கள். என்னைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்து விசிறியிருப்பார்கள். இரண்டு வருஷம் காத்திருந்தேன், சார். அதோடு, சொல்லி அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சைக்கிளில் ஏறினேன். பெரிய ரோட்டில் தை மாசக் காற்று முகத்தில் அடித்தது. கால் அப்படி மிதித்தது. முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டினேன். வழியில் நின்றவர்கள், "பாணிடா, பாணி வந்துட்டான்டா" என்று கத்தினார்கள். ஒருவர்கூட பாத்துப் போங்க என்று சொல்லவில்லை. விழுப்புரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். விழுந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு கணம் பயந்தேன். நெஞ்சு கல்லு மாதிரி திடமாக இருந்தது. திருவாமாத்தூரில் மூன்றாவதாக வந்தேன். கயிறு கட்டிக் கடைசியாக இறக்காமல் இருந்திருந்தால் முதலில்தான் வந்திருப்பேன். அதை விருத்தாசலம் அய்யாவும் ஒத்துக்கொள்வார்.

கோயிலில் இருதயமேரி நின்றிருந்தாள். சவுரியின் பெண்டாட்டி. கரையேறிய பிறகு பஸ் பிடித்து அங்கே வந்துவிடுவதாக அவளிடம் சொல்லியிருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து தூக்கில் சோறு கொண்டுவந்திருந்தாள். நான் வட்டப்பாறையில் கை வைத்தேன். நீந்தித்தான் வந்தேன், மிதித்துத்தான் வந்தேன், ஓடித்தான் வந்தேன் என்றேன். மூன்றும் உண்மை. எல்லோரையும் கூசாமல் பார்த்துச் சொன்னேன். விருத்தாசலம் அய்யா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கையை எடுக்கப் போனேன். இருதயமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்துவிட்டாள்.

"கைய எடுக்காதீங்க சின்னய்யா" என்றாள். "எங்க வூட்டுக்காரரு எங்க?"

"வருவான்மா" என்றார் விருத்தாசலம் அய்யா.

"உங்கள கேக்கலீங்க. ரெண்டு பஸ்சு வந்துட்ச்சி, ரெண்டுலயும் இல்ல. கரைல அவர யாருமே பாக்கலன்றாங்க. இது எங்க சாமி இல்ல, எனுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க நம்புற கல்லுதானே. கைய வெச்சிக்கினே சொல்லுங்க. எங்க அவரு?"

என் கை கல்லின்மேல் இருந்தது. வெயிலில் சுட்டது. துரைக்கண்ணுவிடம் சொன்னதையே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கல்லில் பொய் சொன்னவன் நெஞ்சு வெடித்துச் செத்தான் என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஏற்கெனவே ஒரு தடவை அடைத்த நெஞ்சு. அதை வைத்துக்கொண்டு அங்கே விளையாட முடியுமா? இரண்டு வருஷம் பத்தியம் இருந்து, மாத்திரை தின்று, கோபத்தை அடக்கிக் காப்பாற்றி வைத்த உடம்பு.

"ஏரியிலதான் கீறான்" என்றேன்.

"உசுரோடவா?"

"இல்ல."

அவள் தூக்கைக் கீழே போடவில்லை, சார். மெதுவாகக் கீழே வைத்தாள். அப்புறம்தான் கத்தினாள். அந்தக் கத்தலை நான் சொல்ல வேண்டாம். இப்போதும் வெளியே உங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் நல்லது. நான் கொடுக்கச் சொன்னேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

கல்லில் அவள் கேட்டது எங்கே என்பதும் உயிரோடு இருக்கிறானா என்பதும்தான். எப்படி என்று கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள். பிணத்தை எடுத்தபோது கயிறு கட்டையின் கவட்டைக்குள் நுழைந்திருந்தது, அவன் இடுப்பு கவட்டையோடு ஒட்டிக் கிடந்தது, சும்மா சிக்கினால் அப்படி இருக்காதே என்கிறீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். நானும் மறைக்க நினைக்கவில்லை. வரிசையாக வர வேண்டும் என்றுதான் இதுவரை சொல்லவில்லை.

அந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதன்மேலாகத்தான் அவனை அழைத்துப் போனேன். நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். கயிறு தொய்ந்து கவட்டைக்குள் இறங்கும்வரை நின்ற இடத்திலேயே கையை அடித்துக்கொண்டிருந்தேன். சிக்கியதும் அவன் முங்கிக் கட்டைக்குப் போனான். அவன் அங்கே போய்ச் சேர்ந்தது எனக்கு இடுப்பிலேயே தெரிந்தது. கயிறு தளர்ந்தது. அப்போது நான் மதகைப் பார்த்து நீந்த ஆரம்பித்தேன். நான் போகப் போக, கயிறு கவட்டை வழியாக ஓடி வந்து, அவன் இடுப்பு கட்டையில் இடித்து நின்றது. அதற்குமேல் வரவில்லை. நான் நிறுத்தவும் இல்லை. இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இழுத்து நீந்தினேன். இடம்விட்டு நகரவில்லை, ஆனால் நீந்திக்கொண்டே இருந்தேன். கயிறு துடித்தது. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு.

உங்கள் முகம் மாறுகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இரண்டு வருஷமாக நான் முழு பலத்தைப் போட்டதே இல்லை. ஒரு குடத்தைத் தூக்கக்கூடப் பயம். எங்கே பட்டென்று நின்றுவிடுமோ என்று தூக்கத்தில்கூட மார்மேல் கை வைத்துக்கொண்டு படுத்தவன். நேற்றுத்தான் போட்டேன். சவுரி பலசாலி, வெல்டிங் பட்டறையில் இரும்பு தூக்குகிறவன். அவன் அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுத்தேன். தாங்கியது, சார். ஒரு சின்ன வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கயிறு அடங்கின பிறகும் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் முடிச்சை அவிழ்த்தேன்.

பகையா என்று கேட்டீர்கள். இல்லை. அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சாதியா என்றும் கேட்டீர்கள். நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை என்று முன்பே சொன்னேன். அவன் இல்லாவிட்டால் நான் எண்பத்தைந்திலேயே போய்ச் சேர்ந்திருப்பேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தினமும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. காலையில் எழுந்தால் தெரியும், கூழ் குடித்தால் தெரியும், அவன் தூரத்தில் வந்தாலே தெரியும். இப்போது இல்லை. நேற்று ராத்திரி உங்கள் லாக்கப்பில் நன்றாகத் தூங்கினேன். கால்கூட அசையவில்லை என்று காவலுக்கு இருந்தவர் சொன்னார். இன்றைக்கு மறுபடி குடைகிறது, அது வேறு விஷயம்.

முங்குவதற்கு முன்னால் அவன் ஏதாவது பேசினானா என்று கேட்டீர்கள். அதை விட்டுவிட்டேன். பேசினான். நான் கட்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன் அல்லவா, அவனுக்குக் கயிறு சிக்கியது அப்போது தெரியாது. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். தண்ணீரை விலக்கிக்கொண்டு திரும்பிக் கிட்டே வந்தான். முகம் வெளுத்திருந்தது. இரண்டு வருஷத்தில் அவன் ஒருநாளும் என் நெஞ்சைப் பற்றி வாய்விட்டுக் கேட்டதில்லை. நேற்றுத்தான் கேட்டான்.

"பாணி, நெஞ்சு வலிக்குதா? உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆவல. கயிறுதான் மாட்டிக்கினு கீது. நீ போயி எடுத்து வுடு" என்றேன்.

அவன் முகத்தில் உயிர் வந்தது. சிரித்துக்கொண்டேதான் முங்கினான். இதை இருதயமேரியிடம் சொல்லுங்கள், சார், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். நான் அவனிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.